தளர்ச்சியும் மென்மூச்சு நெறியும்

குடமுழுக்குக் காலத்தில் வேள்விச்சாலையை வலம்வரும் அன்பர்தம் கண்ணுக்கு முதற்கண் தோன்றுவன கும்பங்களே. நூல் சுற்றி, நீர் நிறைத்து, மாவிலையும் தேங்காயும் கூர்ச்சமும் பொருத்தப்பெற்ற அக்கும்பங்களில், திருமேனியில் விளங்கும் அருளாற்றல் எழுந்தருளச் செய்யப்பெற்று, வேள்வி நிறைவெய்தியபின் மீளவும் திருமேனியிற் சேர்க்கப்பெறுகின்றது. இதனைச் செய்யும் சிவாசாரியர், பூசை தொடங்குமுன் மூக்கில் விரல் வைத்துச் சிறிது நேரம் அசைவற்றிருப்பதையும் அன்பர் பலர் கண்டிருப்பர். அதுவே பிராணாயாமம். உள்ளே நிறைத்து நிறுத்திய மூச்சுக்குக் கும்பகம் என்பது பெயர். குடத்தில் நீர் தளும்பாது நிற்றல்போல உடம்பில் மூச்சு அசையாது நிற்றலின் அப்பெயர் பெற்றது. கும்பமும் கும்பகமும் ஒரு சொல்லடியாகப் பிறந்தவை.

பிராணாயாமத்தின் முடிந்த பயன் மனவொடுக்கமும் அதன்வழிச் சிவயோகமும் ஆம். அதனைப் பெரியோர் பலர் விரித்தோதியுள்ளனர். ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது மிகச் சிறியதொரு பயன். நாட்பட்ட உடற்றளர்ச்சியை மெல்லிய மூச்சுப் பயிற்சி தணிக்கும் என்பது. இஃது இக்காலத்தார் புதிதாகக் கண்டதா, நம் முன்னோர் நூல்களில் உள்ளதா, உள்ளதாயின் அவர் எவ்வாறு சொல்லினர் என்பதே ஆராய்ச்சி.

இதனை இப்பொழுது ஆராய வேண்டியதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவிய கொரோனா நோய் நீங்கிய பின்னரும், பலர்க்குத் தளர்ச்சி மட்டும் நீங்காது திங்கட்கணக்கில் நின்றது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டில் இந்நிலைக்கு வரையறை வகுத்தபொழுது, அதன் குறிகளுள் தளர்ச்சியையும் மூச்சுத் திணறலையும் எடுத்தோதியது. அதற்கு முன்னரும் இத்தகைய நெடுந்தளர்ச்சி உடையார் இருந்தனர். அவர்களை உலகம் பொருட்படுத்தவில்லை. மும்முறை வலம்வந்தவர் ஒருமுறை வந்து தூணருகே அமர்ந்துவிட்டால், வீட்டார் அதனைச் சோம்பல் என்பர். அன்புடைய மற்றொருவர் வந்து, ‘யோகம் செய்யுங்கள், மூச்சை வேகமாக வீசி வீசி விடுங்கள், எல்லாம் பறந்துபோகும்’ என்பர். பழிச்சொல், அறிவுரை ஆகிய இவ்விரண்டனுள் எது மிகுதியாகத் தீங்கு செய்தது என்று சொல்லுதல் அரிது.

முதலிற் பதஞ்சலியாரை நோக்குவோம். தில்லையில் வியாக்கிரபாதரோடு உடனிருந்து கூத்தப்பெருமான் திருநடங் கண்டவர் பதஞ்சலியார் என்பது நம் மரபு. திருமூலரும் தம்மோடு நந்தியருள் பெற்றவருள் அவரை எண்ணுகின்றார். யோக சூத்திரம் செய்தவர் அவரேயோ பிறரோ என்பதில் ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடுவர். நம் பொருளுக்கு அவ்வழக்குத் தீரவேண்டுவதில்லை. சூத்திரம், யோகத்திற்கு இடையூறாவன ஒன்பது என்று வகுத்து, முதலாவதாக நோயையும், இரண்டாவதாக உள்ளம் தொழிற்படமாட்டாமையையும், ஐந்தாவதாகச் சோம்பலையும் வேறு வேறாக எண்ணுகின்றது. வியாச பாடியம் இவற்றுக்குத் தனித்தனியே பொருளுரைக்கின்றது. நோயாவது உடற்றாதுக்கள் நிலைபிறழ்தல். சோம்பலாவது உடலும் உள்ளமும் கனத்துக் கிடத்தலால் முயலாமை. நோயால் வந்த தளர்ச்சியைச் சோம்பல் என்று இகழ்வார் இப்பாகுபாட்டை அறியாதார் ஆவர்.

இவ்விடையூறுகளோடு உடன் தோன்றுவனவாகச் சூத்திரம் துன்பம், மனச்சோர்வு, உடல்நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு என்பவற்றைச் சொல்லுகின்றது. நோயுற்றார் மூச்சு சிதறும் என்பது அந்நாளிலேயே கண்டறியப்பட்டது. அதற்கு மருந்தாகப் பின்னர்க் கூறுவனவற்றுள் ஒன்று, மூச்சை வெளிவிடுதலும் நிறுத்துதலும். இழுத்தலை ஓதாது வெளிவிடுதலையே முன்வைத்தமை நோக்கத்தக்கது. இருக்கையைப் பற்றிக் கூறுமிடத்து, அது நிலையாகவும் இனிதாகவும் இருத்தல் வேண்டும் என்றும், முயற்சியைத் தளர்த்துவதால் அது கைகூடும் என்றும் கூறுகின்றது. பிராணாயாமத்தால் மூச்சு நெடியதாகவும் நுண்ணியதாகவும் ஆகும் என்கின்றது. வலியது என்றோ விரைந்தது என்றோ கூறவில்லை.

இனித் திருமூலர். சாத்தனூரில் மூலன் என்னும் ஆயன் உயிர்நீங்க, அவனைச் சூழ்ந்து பசுக்கள் கதறிய துயர்கண்டு, கயிலையினின்று வந்த யோகியார் அவனுடலிற் புகுந்தருளிய வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் வாக்கால் அன்பர் அறிவர். தம் உடலை விட்டுப் பிறிதோர் உடலிற் புகுந்து வாழ்ந்தவர்க்கு உடம்பின் அருமை நன்கு விளங்கியிருக்கும் போலும். உடம்பை இழிவென்று கருதியிருந்த நிலை மாறி, அதனுள் இறைவன் கோயில்கொண்டிருத்தலை உணர்ந்து அதனைப் பேணலுற்றதாக அவரே கூறுகின்றார். பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்தின் ஒன்பது தந்திரங்களுள் மூன்றாவது, அட்டாங்க யோகத்தையும் உடல் காக்கும் நெறியையும் விரிப்பது.

அதன்கண் மூச்சை ஒரு குதிரையாக உருவகித்தார். ஐம்பொறிகட்குத் தலைவனாகிய உயிர் உய்தற்பொருட்டு ஏறிச்செல்லும் குதிரை அது. மெய்யுடையார்க்குப் பிடிகொடுக்கும், பொய்யரைத் துள்ளிக் கீழே தள்ளும். வேறோரிடத்து அக்குதிரையின் பயனைச் சொல்லுகின்றார். பறவையினும் விரைந்த அதன்மேல் ஏறப்பெற்றார்க்குக் கள்ளுண்டு பெறும் களிப்பு வேண்டுவதில்லை, அதுவே களிப்புத் தரும், துள்ளி நடக்கச் செய்யும், உடற்சோம்பைப் போக்கும். தளர்ந்தார்க்கு மூச்சு நெறி நடையும் கிளர்ச்சியும் தரும் என்பதற்கு இதனினும் தெளிவான தமிழ்ச் சான்று வேண்டா. ஆயினும் இப்பாட்டைத் தனியே எடுத்து ஓதுவார் பலர். வீழ்த்தும் குதிரையும் அதுவே என்ற முன்னைய பாட்டை உடனெண்ணுவார் சிலர். இரண்டையும் சேர்த்துப் பொருள்கொள்ளுதலே முறை. குதிரை நல்லது, அதனை ஏறுவான் தன் தொடைவலிமை அறிந்து ஏறுதல் வேண்டும்.

அளவையும் திருமூலரே வகுத்துள்ளார். இடநாடியில் 16 மாத்திரை இழுத்தல், 64 மாத்திரை நிறுத்தல், 32 மாத்திரை விடுதல் என்பது அவ்வளவு. மாத்திரையாவது கண்ணிமைப் பொழுது அல்லது கைந்நொடிப் பொழுது எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். மூன்றையும் கூட்ட 112 மாத்திரை ஆகும். மாத்திரைக்கு அரை வினாடி எனக் கொள்ளினும் ஒரு மூச்சுக்கு 56 வினாடி. ஒரு வினாடி எனக் கொள்ளின் ஏறத்தாழ இரண்டு நிமிடம். இது குருவின் அருகிருந்து ஆண்டுக்கணக்கிற் பயின்ற யோகியர்க்கு உரிய அளவேயன்றி, படியேறியதும் இளைக்கும் ஒருவர் முதல்நாளே எண்ணத்தக்கது அன்று. நூலில் உள்ளது என்பதற்காக இவ்வளவை நோயாளரிடம் எடுத்துக்கூறுவார், அந்நூல் யாரை நோக்கிப் பேசுகின்றது என்பதை மறந்தவராவர்.

வேளையைப் பற்றியும் ஒரு குறிப்புண்டு. மாலையிற் செய்யும் பயிற்சி ஐயினை அறுக்கும், நண்பகலிற் செய்வது வாதத்தை அறுக்கும், விடியலிற் செய்வது பித்தத்தை அறுக்கும் என்பது திருமூலர் வாக்கு. உடம்பைச் சித்தர் மருத்துவ நோக்கொடும் கண்டவர் அவர் என்பதற்கு இது சான்று.

15ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் சுவாத்துமாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகை உடற்பயிற்சியை மிகுதியும் பேசும் நூல். வன்மையான நெறி என்று அதன் பெயரே அஞ்சத்தக்கதாய் இருப்பினும், மூச்சைப் பற்றிய அதன் அறிவுரை மென்மையானது. சிங்கம், யானை, புலி இவற்றை மெல்ல மெல்லப் பழக்குதல்போல மூச்சைப் பழக்குதல் வேண்டும். அன்றேல் அது பயில்வானையே கொல்லும் என்பது அதன் உரை. திருமூலர் குதிரை என்றதை இவர் காட்டு விலங்காகவே கண்டார். முறையாகச் செய்யும் பிராணாயாமம் நோயெல்லாம் தீர்க்கும் என்று கூறி, அதனையடுத்தே, முறைதவறிய பயிற்சியால் விக்கலும் இழைப்பும் இருமலும் தலைநோயும் செவிநோயும் கண்ணோயும் பிறக்கும் என்றும் எச்சரிக்கின்றது. யோகத்தைக் கெடுப்பனவாக அந்நூல் எண்ணும் ஆறனுள் மிகையுணவை அடுத்து நிற்பது மிகையுழைப்பு.

இக்காலத்தில் மிகுதியாகப் பரப்பப்படும் கபாலபாதியைப் பற்றியும் ஒரு சொல். கொல்லன் உலைத்துருத்திபோல விரைந்து மூச்சு வீசும் இதனைப் பலர் பிராணாயாமம் என்றே எண்ணுகின்றனர். பிரதீபிகை இதனை உடற்றூய்மைக்குரிய ஆறு செயல்களுள் ஒன்றாக வைத்தது. பிராணாயாம வகைகளுள் வைக்கவில்லை. கொழுப்பும் ஐயும் மிக்கவரே அவ்வாறு செயல்களை முன்னர்ச் செய்தற்குரியர், ஏனையோர் செய்ய வேண்டுவதில்லை என்றும் விலக்கியுள்ளது. மெலிந்து தளர்ந்தவரிடம் இதனை முதல் மருந்தாக நீட்டுதல் நூலொடு பொருந்தாது. விரைந்து வீசும் மூச்சால் உடலிலுள்ள கரியமிலவாயு அளவின்றிக் குறைய, மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் சுருங்கித் தலைசுற்றலும் விரல்களில் மதமதப்பும் உண்டாகும் என்று இக்கால மருத்துவமும் கூறுகின்றது. அம்மயக்கத்தைச் சத்தி எழுந்தது என்று மகிழ்வாரும் உளர்!

மூச்சுக்கும் உடற்செலவுக்கும் உள்ள கணக்கைப் பிற்காலத்துக் கேரண்ட சங்கிதை அழகாகக் காட்டுகின்றது. இயல்பான மூச்சு உடலினின்று 12 அங்குலம் வெளிச்செல்லும். பாடும்போது 16, உண்ணும்போது 20, வழிநடக்கும்போது 24, உறங்கும்போது 30 அங்குலம். உடற்பயிற்சியில் அதனினும் மிகும். செலவு மிக வாழ்நாள் குறையும். குறைய வாழ்நாள் வளரும். அங்குலக் கணக்கை இன்று அளவுகோல் வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. செலவைக் குறைத்தலே மூச்சு நெறி என்னும் கருத்தே கொள்ளத்தக்கது. நாட்பட்ட தளர்ச்சியுடையார் வரவு சிறுத்த குடும்பத்தார் போல்வர். அவர்க்கு வேண்டுவது சிக்கனம். மேலும் ஒரு செலவு அன்று.

நாளொன்றுக்கு மூச்சு 21,600 என்பது யோக நூல்கள் பலவற்றில் வழங்கும் எண். 60 நாழிகைக்குப் பகுத்தால் நாழிகைக்கு 360. 24 நிமிடம் கொண்டது ஒரு நாழிகையாதலின் நிமிடத்திற்கு 15. அமைதியாக இருப்பார்க்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை என்று மருத்துவர் கூறும் அளவினுள் இது நன்கு அமைந்துள்ளது. கடிகாரம் இல்லாத நாளில் இதனை எண்ணிக் கண்டவர் யாவரோ, அவர்தம் பொறுமை வியக்கத்தக்கது.

கேரண்டர் பாடுதலைச் செலவென்று எண்ணினாரே, ஓதுவார் நாளெல்லாம் பாடியும் தளராதிருத்தல் எங்ஙனம் எனின், ஆரவாரித்துப் பாடுதலும் அளந்து பாடுதலும் ஒன்றல்ல என்க. பண்ணோடு ஓதுவார் ஓரடியை ஒரு மூச்சில் நீட்டி முடித்து, அதன்பின்னரே மூச்சு வாங்குவர். இழுத்தல் குறுகி விடுதல் நீள்கின்றது. மூச்சின் எண்ணிக்கை தானே குறைகின்றது. இதனை 2001ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டி என்பாரும் உடனிருந்தோரும் வேறொரு வழியில் அளந்து கண்டனர். நலமுடைய 23 பேரைக் கொண்டு, கத்தோலிக்கர் செபமாலை மன்றாட்டை இலத்தீனிலும், புத்தர்தம் மந்திரமொன்றையும் ஓதச் செய்தபொழுது, இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. இதயத் துடிப்பும் குருதியழுத்தமும் ஒத்து இயங்கும் திறம் மேம்பட்டது. சமயம் வேறாயினும் ஓதுவார் உடம்பு ஒன்றே.

யோகத்தை அளவைக் கருவிகளோடு ஆராயும் முயற்சி நம் நாட்டிலேயே தொடங்கியது. 1924ஆம் ஆண்டில் சுவாமி குவலயானந்தர் உலோனாவலாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோக மீமாம்சை என்னும் ஆராய்ச்சி இதழையும் அவ்வாண்டே தொடங்கினார். ஆழ்ந்த மூச்சால் உயிர்வளி மிகுதியாகச் சேர்வதாலேயே நலம் விளைகின்றது என்று பலர் எழுதி வந்தனர், இன்றும் எழுதுகின்றனர். நலமுடையார் குருதி, சும்மா இருக்கும்போதே உயிர்வளியை ஏறக்குறைய முழு அளவிற் கொண்டுள்ளது. மேலும் சேர்த்தற்கு இடம் சிறிதே. நலம் விளைவது நரம்பின் வழி. மூச்சை மெல்ல வெளிவிடும்போது இதயத்துடிப்பு தணிகின்றது. உடலை ஓய்வுக்குத் திருப்பும் நரம்பு அப்போது மிகுந்து தொழிற்படுகின்றது.

மைசூரில் அரசர் ஆதரவிற் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் பின்னாளிற் சென்னைக்கு வந்து, 1989ஆம் ஆண்டில் மறையும் வரை அங்கு வாழ்ந்தவர். அவர் சிறந்த வைணவர். எனினும் நாம் போற்றத்தக்க ஒரு நெறியை நிலைநாட்டினார். பயிற்சிக்கு ஆளைப் பொருத்தலாகாது. ஆளுக்கேற்பப் பயிற்சியைப் பொருத்தல் வேண்டும் என்பது அந்நெறி. அகவை, நோய், வலிமை இவற்றை நோக்கி மூச்சின் அளவை மாற்றிக் கொடுத்தார்.

நெடுந்தளர்ச்சி நோயையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர் சப்பான் நாட்டு ஓக்கா என்னும் மருத்துவர் குழுவினர். வழக்கமான மருத்துவத்தால் தணியாத 30 நோயாளருள் ஒரு பாதியினர்க்கு, அமர்ந்தபடியே செய்யும் எளிய யோகத்தை மூச்சோடு பொருத்திக் கற்பித்தனர். ஏறத்தாழ இரண்டு திங்கள் சென்றபின் அவர்தம் தளர்ச்சி குறைந்தது என 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறு ஆய்வு; நோய் அறவே தீர்ந்தது என அவரும் கூறவில்லை. தளர்ச்சி தணிந்தது என்பதே செய்தி. அவர் அமர்த்திச் செய்வித்தமையும், உடலை வருத்தாமையும் கருதத்தக்கன. இங்கிலாந்தில் மருத்துவ நெறிமுறை வகுக்கும் நைஸ் என்னும் நிறுவனம், இந்நோயாளர்க்குப் படிப்படியாக உழைப்பைக் கூட்டுமாறு 2007ஆம் ஆண்டில் கூறியிருந்தது. உழைப்பால் நோய் மிகுகின்றது என நோயாளர் நெடுநாள் முறையிட்டனர். 2021ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அவ்விதியைக் கைவிட்டது. மிகையுழைப்பு யோகத்தைக் கெடுக்கும் என்ற பிரதீபிகை உரையை இங்கு நினைவுகூரலாம்.

இனி, செய்யும் முறை. தளர்ச்சி சில கிழமைகட்கு மேல் நீடித்தால் முதலில் மருத்துவரைக் காண்க. இரத்தச் சோகை, தைராய்டுக் குறைபாடு, நீரிழிவு, இதய நோய் இவையெல்லாம் தளர்ச்சியாகவே தோன்றும். இவற்றை மூச்சுப் பயிற்சியால் மறைத்தல் தகாது. வேறு காரணம் இல்லை எனத் தெளிந்தபின், அல்லது மருந்தோடு துணையாக, இதனைச் செய்யலாம். சம்மணமிட இயலாதார் நாற்காலியில் அமர்க. அமரவும் இயலாதார் படுத்திருந்தே செய்க. வாயை மூடி மூக்கின் வழியாக, மனத்துள் நான்கு எண்ணும் அளவு இழுத்து, ஆறு எண்ணும் அளவு மெல்ல விடுக. ஓரெண் ஒரு வினாடியாயின் நிமிடத்திற்கு ஆறு மூச்சு அமையும். அது முட்டுப்பாடாயின் மூன்றும் நான்குமாகக் குறைத்துக்கொள்க. நிறுத்தல் வேண்டா, கும்பகம் இப்பயிற்சியில் இல்லை. குருதியழுத்தம் மிக்கார், இதய நோயாளர், கருவுற்ற மகளிர் இவர்க்கு அது பொருந்துவதும் அன்று. எண்ணுதற்கு மாறாகத் திருவைந்தெழுத்தை மெல்ல நினைப்பினும் அமையும். விரும்புவோர், வெளிவிடும்போது வண்டின் ஒலிபோல மெல்லென முரலலாம். பிரதீபிகை கூறும் பிராமரியின் எளிய வடிவம் அது.

நாங்கள் பயின்ற மடத்தில், வைகறை அனுட்டானத்தின்போது ஒருவர் மூச்சொலி அருகிருப்பார் செவியில் விழலாகாது என்பது ஆசிரியர் விதி. விழுமாயின் அவர் ஒன்றும் சொல்லார். அருகில் வந்து நிற்பார். நாங்களே தணித்துக்கொள்வோம். வீட்டிற் பயில்வார்க்கும் அவ்விதியே சிறந்த அளவுகோல். காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம் போதும். தலைசுற்றினாலும் மார்பு இறுகினாலும் உடனே விட்டு இயல்பான மூச்சுக்குத் திரும்புக. பயிற்சிக்குப்பின் சிறிது தெளிவு தோன்றினால், அத்தெளிவு முழுவதையும் அன்றே நடந்தும் உழைத்தும் செலவிட்டுவிடலாகாது. நன்றாக இருந்த நாளில் மிகுதியாகச் செய்து, மறுநாள் எழமாட்டாது கிடத்தல் இந்நோயின் இயல்பு.

வெளிச்சுற்றை வலம்வர இயலாதார் உட்சுற்றோடு அமையலாம். அதுவும் அரிதாயின் கொடிமரத்தருகே வீழ்ந்து வணங்கி, மண்டபத்தில் அமர்ந்து, மேற்சொன்னவாறு மூச்சைச் சீர்செய்துகொண்டு எழுந்து செல்லலாம்.